எல்லாரும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று டிக் அடித்தால் அந்த ஆய்வை என்ன செய்வது?

செண்பகம்_கணக்கு:
வணக்கம். எம்.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித மனப்பான்மையும் கல்வி அடைவும். மூன்று பள்ளிகளில் 220 படிவம் வாங்கியாகிவிட்டது. 30 கூற்று, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம், 'முற்றிலும் உடன்படுகிறேன்' (5) தொடங்கி 'சிறிதும் உடன்படவில்லை' (1) வரை. நேற்று ராத்திரி எக்செல்லில் ஏற்ற உட்கார்ந்தேன், பாதிகூடத் தாண்டவில்லை, வயிற்றைக் கலக்கிவிட்டது. கிட்டத்தட்ட எல்லாரும் எல்லாவற்றுக்கும் 5 போட்டிருக்கிறார்கள். 'கணக்குப் பாடவேளைக்காக ஆவலோடு காத்திருக்கிறேன்' என்பதற்கும் 5. அந்த வகுப்பில் கணக்கு ஸ்லிப் டெஸ்ட் என்றால் கடைசி இரண்டு பெஞ்ச் காலி என்று அந்த டீச்சரே என்னிடம் சொன்னார்.

படிவம் நிரப்பும்போது நடந்தது இது. ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள், "எதை டிக் பண்ணா மிஸ் சந்தோஷப்படுவாங்க?" மிஸ் என்றது என்னை. கைடிடம் சொன்னேன். எல்லா ஆய்விலும் இப்படித்தான் வரும், ஆண்-பெண், கிராமம்-நகரம், அரசு-உதவிபெறும் என்று பிரித்து டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டு முடி என்கிறார். முடித்துவிடலாம், டிகிரியும் வந்துவிடும். ஆனால் பொய் என்று தெரிந்த எண்களை வைத்து 120 பக்கம் எழுத எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

கோவை_புள்ளி:
அம்மா, முதலில் படிவங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 28 வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் நான், இதே கதையோடு என்னிடம் வந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

ஒரு கேள்வி. உங்கள் 30 கூற்றில் எதிர்மறைக் கூற்று எத்தனை? 'கணக்கு வகுப்பு எப்போது முடியும் என்று இருக்கும்' மாதிரியானவை. பூஜ்யம் அல்லது இரண்டு மூன்று என்றால், பிரச்சினையின் பாதி அங்கேதான் இருக்கிறது. லைகர்ட் 1932-இல் இந்த முறையை எழுதியபோதே இரண்டு பக்கமும் சாய்கிற கூற்றுகளைக் கலந்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நம் ஊரில் ஒருவர் செய்த கருவியை, அதாவது இந்த மாதிரிக் கூற்றுத் தொகுப்பை, அடுத்தவர் எடுத்து, அதை இன்னொருவர் எடுத்து, வழியில் எதிர்மறை எல்லாம் உதிர்ந்துபோயிற்று. அதோடு இன்னொரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் யோசிக்காமல் தனக்குத் தோன்றிய ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனால் க்ரோன்பாக் ஆல்ஃபா, அதாவது கருவியின் நம்பகத்தன்மைக்குப் போடும் எண், உயரமாக வரும். 0.9 வந்தது, கருவி நம்பகமானது என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவோம். அது சொல்வதெல்லாம் ஒரு பிள்ளையின் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதுதான், அந்த விடைகள் உண்மையா என்பதை அது தொடவே இல்லை.

செண்பகம்_கணக்கு:
நாலு இருக்கிறது சார். அதில் இரண்டு மொழிபெயர்ப்பில் கெட்டுப்போயிருக்கிறது. 'கணக்கு எனக்குத் தேவையில்லை என்று நான் நினைக்கவில்லை' என்று அச்சாகியிருக்கிறது. இதற்கு உடன்பட்டால் என்ன அர்த்தம், உடன்படாவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கே நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பட்டதாரி_ஆசிரியை:
நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் 17 வருடமாக அறிவியல் எடுக்கிறேன். வருடத்துக்கு நாலைந்து பேராவது இப்படிப் படிவக் கட்டோடு வருவார்கள். அதனால் வகுப்பறைக்குள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் கொடுக்கிற தாள் என்றால் அது பரீட்சை, வேறு எதுவும் கிடையாது. அச்சடித்த தாளில் கேள்வி இருந்தால் அதற்குச் சரியான விடை என்று ஒன்று எங்கோ இருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கியிருக்கிறோம். திடீரென்று ஒருநாள் ஒருவர் வந்து "இதில் சரி தப்பு கிடையாது, மனசில் பட்டதைப் போடுங்கள்" என்றால் அவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பாததில் தப்பும் இல்லை. மனசில் பட்டதைச் சொல்லி அடி வாங்கிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. அதிலும் பாதிப் பள்ளிகளில் படிவம் நிரப்பும்போது வகுப்பாசிரியர் வரிசைக்கு இடையில் நடந்துகொண்டே இருப்பார், சில பேர் எட்டிப் பார்த்து "டேய், இதை ஏண்டா இப்படிப் போட்ட" என்று கேட்பதையும் பார்த்திருக்கிறேன். மேலே பெயர், வகுப்பு, பிரிவு, வரிசை எண் வேறு. எல்லாவற்றுக்கும் மேல், ஆய்வாளர் வருவது மதியம் கடைசிப் பாடவேளைக்கு, ஏனென்றால் பாடம் கெடாத நேரம் அதுதான் கிடைக்கும். நாலு மணிக்குப் பேருந்து. 30 கேள்வி.

இப்படி இருக்கும்போது அந்தப் பிள்ளை 5, 5, 5 என்று அடித்துக் கொடுப்பது பொய் இல்லை. உங்களுக்கு ஒரு மரியாதை செய்கிறாள். "எதை டிக் பண்ணா மிஸ் சந்தோஷப்படுவாங்க" என்று கேட்ட பெண் உங்களிடம் அன்பாக இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். அவள்மேல் கோபப்படாதீர்கள்.

அலைவரிசை:
இதைப் படித்ததும் எனக்கு லாப்பியர் ஞாபகம் வந்தார். சமூகவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1930-களின் தொடக்கம், அமெரிக்காவில் சீனர்கள்மேல் வெளிப்படையான வெறுப்பு இருந்த காலம். லாப்பியர் ஒரு இளம் சீனத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான மைல் காரில் சுற்றினார். ஓட்டல், தங்குமிடம் எல்லாம் சேர்த்து 251 இடம் ஏறி இறங்கினார்கள், இடமில்லை என்று திருப்பி அனுப்பியது ஒரே ஒரு இடம். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டார், சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று. பதில் போட்ட 128 இடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் 'மாட்டோம்'. 1934-இல் கட்டுரையாக வந்தது. பதில் எழுதியவரும் அன்று வாசலில் நின்றவரும் ஒரே ஆள்தானா என்று அப்போதிருந்தே கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனாலும் காகிதத்தில் சொல்வது ஒன்று, ஆள் முன்னால் நிற்கும்போது செய்வது வேறொன்று என்பதை அவ்வளவு பச்சையாகக் காட்டிய ஆய்வு வேறு எதையும் நான் படித்ததில்லை.

நம் பள்ளியில் இது தலைகீழாக இருக்கிறது, காகிதத்தில் நல்ல பிள்ளை, பெஞ்ச் மட்டும் காலி. ஆக, வினாநிரலை வைத்துக்கொண்டு மாணவர் நடத்தை பற்றி எதுவும் பேசக் கூடாது என்பதே என் முடிவு. வருகைப் பதிவேடு, நூலகப் பதிவேடு, வீட்டுப்பாட நோட்டு, இவை போதும்.

கோவை_புள்ளி:
அலைவரிசை, அது அதிகப்படி. கேட்டே ஆக வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. தங்கச்சி மேலே படிக்கலாமா வேண்டாமா என்று ஒரு பையன் நினைப்பதை எந்தப் பதிவேட்டில் பார்ப்பீர்கள்?

ஹரியானாவில் செய்தார்கள். திவா தர், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் மூவரும் எழுதியது, 2022-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற பொருளாதார ஆய்விதழில் வந்தது. 314 அரசுப் பள்ளி, அதில் குலுக்கல் முறையில் எடுத்த 150 பள்ளிகளில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டரை வருடம் ஆண்-பெண் சமத்துவம் பற்றி வகுப்பறை விவாதம் நடந்தது. மீதிப் பள்ளிகளில் இல்லை. முடிந்தபின் மனப்பான்மையைக் கேட்டார்கள். இந்த இடத்தில் செண்பகத்துக்கு வந்த சந்தேகம் அவர்களுக்கும் வராமல் இருக்குமா, இரண்டரை வருடம் பாடம் கேட்ட பிள்ளை டீச்சர் விரும்புகிற விடையைத்தானே எழுதும்? அதை முன்கூட்டியே யோசித்து, தொடக்கத்திலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் நல்ல பெயர் வாங்க விடை சொல்லும் குணம் எவ்வளவு என்று தனியாக அளந்து வைத்துக்கொண்டார்கள். மார்லோ, க்ரௌன் இருவரும் 1960-இல் செய்த கருவி அது. 'நான் யாரையும் வெறுத்ததே இல்லை' மாதிரி, யாராலும் உண்மையாக ஆமாம் சொல்ல முடியாத கூற்றுகள். அதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவர் மற்றதற்கும் அப்படித்தான் போடுவார் என்ற கணக்கு. மாற்றம் இந்த மாதிரிப் பிள்ளைகளால் மட்டும் வந்ததா என்று பிரித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று உறுதி செய்தபின்தான் முடிவை எழுதினார்கள். பிற்போக்கான கருத்துகளில் 16 சதவீதம் மாறியிருந்தது. பெரிய எண் இல்லை, ஆனால் நம்பக்கூடிய எண். கேட்கிற விதத்தில் கேட்டால் பிள்ளைகள் சொல்வார்கள்.

தாமிரபரணி_தம்பி:
செண்பகம் அக்கா, உங்கள் படிவத்தின் முதல் பக்கம் என்ன?

செண்பகம்_கணக்கு:
தனிநபர் விவரத் தாள் தம்பி. பெயர், பால், மதம், வகுப்புப் பிரிவு (பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி), பெற்றோர் படிப்பு, தொழில், மாத வருமானம், இருப்பிடம். எல்லா ஆய்விலும் இதுதானே முதல் பக்கம்.

தாமிரபரணி_தம்பி:
அதைத்தான் சொல்ல வந்தேன். நான் பதினோராம் வகுப்பு படிக்கும்போது இப்படி ஒரு படிவம் வந்தது. யார் நடத்தியது என்பது வேண்டாம். நிரப்பித் தரச் சொன்னார்கள், வருமானம் எவ்வளவு போட என்று ஒருத்தன் கேட்டான், அப்பா என்ன வேலை என்று சார் சத்தமாகக் கேட்டார், அவனும் சொன்னான். அப்புறம் பிசியா எஸ்சியா தெரியாதவர்கள் எழுந்திருங்கள் என்று சொல்லி, பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவராக வாசித்தார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதற்கு அடுத்த பக்கம், 'என் வகுப்பில் நான் மதிக்கப்படுகிறேன்', ஐந்து கட்டம். நான் அன்றைக்கு என்ன போட்டேன் என்று நினைவில்லை. என் கை நடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு கல்லூரியில் ஹாஃப்-பாண்டே ஆய்வைப் படித்தபோது அந்த நாள்தான் கண்ணில் வந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே, உத்தரப் பிரதேசத்தில் கிராமத்துப் பையன்கள், ஆறு ஏழாம் வகுப்பு, மேல்சாதி 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிகள் 321 பேர். கொடுத்த வேலை, காகிதத்தில் வரைந்த சிக்கலான வழிப்புதிருக்குள் பென்சிலால் வழி கண்டுபிடிப்பது, எத்தனை முடிக்கிறார்களோ அத்தனைக்குக் காசு. சாதி பேசப்படாத குழுக்களில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். சில குழுக்களில் மட்டும் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவர் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். அங்கே தாழ்த்தப்பட்ட பையன்கள் முடித்த எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. அதே மாதிரிப் பையன்கள், அதே புதிர், அதே காசு. வாசித்தது மட்டும்தான் வித்தியாசம்.

அப்படியென்றால் அக்கா, அந்த முதல் பக்கத்தை வெறும் விவரம் என்று நினைக்காதீர்கள். சில பிள்ளைகளுக்கு அங்கேயே உங்கள் ஆய்வு அவர்களைத் தொட ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் அளப்பது அவர்கள் கணக்கைப் பற்றி நினைப்பதையா, அந்தப் பக்கத்தை நிரப்பிய பிறகு தங்களைப் பற்றி நினைப்பதையா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றித்தான் தொலைக்காட்சியில் பேசினார்கள். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைக் குறித்து மாணவரை அழைக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. பதிவேட்டிலேயே வேண்டாம் என்கிறபோது, வெளியிலிருந்து வருகிற நாம் ஒரு வகுப்பு முழுவதையும் அதை எழுத வைக்கிறோம்.

அலைவரிசை:
தம்பி, உங்களுக்கு நடந்தது கொடுமை, அதில் வாதமே இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. அடையாளத்தை நினைவூட்டினால் மதிப்பெண் விழும் என்ற இந்த வகை ஆய்வுகளில் சில, மறுபடி செய்து பார்த்தபோது நிற்கவில்லை. நெதர்லாந்தில் 2018-இல் ஃப்ளோர் குழு 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்து, பெண்களுக்குக் கணக்கு வராது என்ற எண்ணத்தைத் தூண்டினால் பெண் பிள்ளைகள் மதிப்பெண் குறைகிறதா என்று சோதித்தார்கள். முன்கூட்டியே திட்டத்தைப் பதிவு செய்துவிட்டுச் செய்த ஆய்வு. எந்த விளைவும் வரவில்லை.

தாமிரபரணி_தம்பி:
படித்திருக்கிறேன் அண்ணா. ஆனால் நெதர்லாந்தில் ஒரு பெண் தாளில் ஒரு வரி வாசிப்பதும், உத்தரப் பிரதேசக் கிராமத்தில் ஒரு பையனின் தாத்தா பெயரையும் சாதியையும் மேல்சாதிப் பையன்கள் முன்னால் வாய்விட்டு வாசிப்பதும் ஒரே சோதனையா? இரண்டாவதில் அவன் எதிர்பார்ப்பது நியாயமான எதிர்பார்ப்பு. நாம் நல்லா செய்தாலும் நமக்குக் கிடைக்காது என்று அவனுக்கு ஊர் கற்றுக்கொடுத்திருக்கிறது.

கோவை_புள்ளி:
இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஏற்புடையது. செண்பகத்துக்கு வேண்டிய அளவில் முடிவு சுலபம்: விளைவு இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுவதால் ஒரு பைசா செலவில்லை. சாதியும் வருமானமும் உங்கள் கருதுகோளுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். டி-டெஸ்ட் அட்டவணை ஒன்று கூடும் என்பதற்காக ஒரு பிள்ளையிடம் அதைக் கேட்பது தப்பு. நானும் என் காலத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன், இன்று சொல்ல மாட்டேன்.

இரண்டாமாண்டு_பி.எஸ்சி:
கல்லூரி பக்கமிருந்து ஒன்று. செமஸ்டர் முடிவில் ஆசிரியர் பற்றிய ஃபீட்பேக் ஆன்லைனில் நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் என்கிறார்கள். லாகின் எங்கள் பதிவெண்ணில். இன்டர்னல் மார்க் இன்னும் போடவில்லை. அதில் யார் உண்மை எழுதுவார்கள்? வகுப்பில் எல்லாரும் ஒரே கட்டத்தைக் கீழே வரை கிளிக் செய்துவிட்டு ஹால் டிக்கெட் எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் அந்த எண்களை வைத்துத்தான் மாணவர் திருப்தி என்று அறிக்கை போகிறது.

பட்டதாரி_ஆசிரியை:
இது முயற்சி பற்றிய விஷயமும்தான். ஷாங்காய்-அமெரிக்கா ஆய்வு ஒன்று படித்தேன், உரி க்னீஸி குழு, 2019. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 25 கேள்வித் தேர்வு, தொடங்கும் முன் கையில் 25 டாலர் உறை, தப்பு ஒன்றுக்கு ஒரு டாலர் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றார்கள். தேர்வு தொடங்குவதற்குச் சற்று முன்புதான் சொன்னது, படிக்க நேரமே இல்லை. ஆனாலும் மதிப்பெண் ஏறியது. ஷாங்காய் பிள்ளைகளிடம் அதே மாதிரி செய்தபோது மாற்றம் இல்லை, அவர்கள் காசு இல்லாமலே முழு முயற்சியில் எழுதியிருக்கிறார்கள். ஆக, மதிப்பெண் என்று நாம் எடுத்துக்கொள்வதிலேயே அந்த நிமிடம் பிள்ளைக்கு எழுத எவ்வளவு மனசு இருந்தது என்பதும் கலந்திருக்கிறது. கடைசிப் பாடவேளையில் 30 கேள்வி கொடுத்தால் அந்தப் பங்கு எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள்.

செண்பகம்_கணக்கு:
எல்லாருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று பள்ளியில் ஒன்றில் நானும் வருமானத்தைச் சத்தமாகக் கேட்டேன். நிரப்பத் தெரியாத பிள்ளைக்கு உதவி என்று நினைத்துக் கேட்டேன்.

இப்போது யோசனை இது. பழைய 220 படிவத்தையும் வைத்துக்கொண்டு, மறுபடி போய் வேறு விதமாகக் கேட்க வேண்டும். மனப்பான்மையை விட்டுவிட்டு ஒரே ஒரு நடத்தை: போன மாதம் கணக்கு வீட்டுப்பாடத்தை அடுத்தவர் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதினாயா? இதை நேராகக் கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். வழி இருக்கிறதா சார்?

கோவை_புள்ளி:
இருக்கிறது, அழகான வழி. வார்னர் என்பவர் 1965-இல் தொடங்கி வைத்தது, அதன் எளிய வடிவத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் யாருக்கும் காட்டாமல் நாணயம் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் 'ஆமாம்' போட வேண்டும். பூ விழுந்தால் உண்மையைப் போட வேண்டும். தாளில் ஆமாம் இருந்தாலும் அது நாணயம் சொன்ன ஆமாமா, பிள்ளை சொன்ன ஆமாமா என்று உங்களுக்கும் தெரியாது, வகுப்பாசிரியருக்கும் தெரியாது, கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் வகுப்பு மொத்தத்துக்கும் கணக்குப் போடலாம். 100 பேரில் 70 ஆமாம் வந்தால், 50 நாணயத்தால் வந்தது, மீதி 20 உண்மையான ஆமாம். உண்மை சொன்னவர்கள் 50 பேர், அதில் 20, அதாவது 40 சதவீதம்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாணயம் கலப்பதால் துல்லியம் போகும். 40 பேர் உள்ள ஒரே வகுப்பில் 40 சதவீதம் என்று வந்தால், உண்மை 10-க்கும் 70-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், பயனே இல்லை. 220 பேரிடமும் கேட்டால் ஏறத்தாழ 28-லிருந்து 52 வரை. அதனால் மூன்று பள்ளியையும் சேர்த்துத்தான் பேச வேண்டும், பள்ளி பள்ளியாகப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். கைடு கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பட்டதாரி_ஆசிரியை:
நாணயத்துக்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ஏன் என்று விளக்க ஒரு பாடவேளை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பயமில்லாத கேள்வி ஒன்றை வைத்துப் பழக்குங்கள், இன்று இட்லி சாப்பிட்டாயா என்று கேளுங்கள், வந்த ஆமாமை எண்ணிப் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு பாடமாகவே இருக்கிறது, பிடித்துக்கொள்வார்கள். தன் பெயர் மாட்டாது என்று அவர்களே கணக்கால் பார்த்துவிட்டால் நம்புவார்கள். வகுப்பாசிரியரை அந்த நேரம் வெளியே இருக்கச் சொல்ல வேண்டும், அது எச்.எம். வழியாகத்தான் முடியும். நிரப்ப விருப்பமில்லாதவர் வெற்றுத்தாளை மடித்துப் பெட்டியில் போடலாம் என்றும் சொல்லுங்கள்.

தாமிரபரணி_தம்பி:
முதல் பக்கம்?

செண்பகம்_கணக்கு:
எடுத்துவிட்டேன் தம்பி. பெயர்கூட இல்லை, அரைத்தாள், ஒரே கேள்வி. அடுத்த வியாழன் முதல் பள்ளி. வகுப்புக்கு 40 நாணயம் சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

பட்டதாரி_ஆசிரியை:
நாணயம் வேண்டாம் அம்மா, சிமெண்ட் தரையில் விழுந்து உருளும், எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள், யாருக்கு என்ன விழுந்தது என்று தெரிந்துபோகும். காலித் தீப்பெட்டி சேர்த்து ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி மடித்த இரண்டு சீட்டு போடுங்கள், ஒன்றில் தலை, ஒன்றில் பூ. பார்க்காமல் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டு மூடிவிடலாம். எங்கள் பள்ளிக்கும் வாருங்கள், ஒன்பதாம் வகுப்பு ஏ, பி இரண்டும் என் பொறுப்பு. எச்.எம்-மிடம் நான் பேசி வைக்கிறேன். காலையில் முதல் பாடவேளை தருகிறேன்.